பதினேழு, நாலாவது வரிசை

ஹலோ... அண்ணே? ... வச்சிடாத, வச்சிடாத. நான்தான், உன் தங்கச்சிதான்... ஆமா, இது கடை நம்பர்தான். என் போன்லேருந்து எட்டு தடவ அடிச்சேன், நீ எடுக்கல. அதான் இதுல கூப்பிட்டேன்... அடையாள அட்டைய திருப்பித் தரத்தான் கூப்பிடுறாங்கன்னு நினைச்சு எடுத்தியா? ... ம். ... ம். சரி, நீ பேச வேணாம். காதுல மட்டும் வச்சிக்கோ, நான் பேசுறேன்.

எதிர்ல பஸ் ஸ்டாப்லதான உக்காந்திருக்க... எப்படித் தெரியும்னா, தெரியுதுண்ணே. வாசல் கேமராவுல பாதி ரோடு விழும், அந்த பெஞ்சும் விழும். மடியில தொப்பிய வச்சிக்கிட்டு... அண்ணே, மேல பாக்காத. குனிஞ்சிக்கோ. நீ கேமராவ நிமிந்து பாத்தா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க, திரும்ப நோட்டம் விட வந்துட்டான்னு... ஆமா. ஆமா, அப்படியே இரு.

சாப்பிட்டியா? ... இல்ல, சாப்பாட்டு நேரத்துலதான வந்த, அதான் கேட்டேன்... சரி. கேக்கல.

இப்ப நாலு இருபது. சூப்பர்வைசர் அஞ்சு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிடுவாரு. அதுக்குள்ள நீ உள்ள வந்து அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டா, அட்டைய உன் கையில குடுத்துடுறேன்னு சொல்லியிருக்காரு. போடலன்னா அட்டையும் வீடியோவும் போலீசுக்குப் போகும். உன்கிட்டயும் அதான சொன்னாங்க? ... ஆமா. அதையேதான் நானும் சொல்றேன். பேப்பர்ல பெருசா ஒண்ணும் இல்ல... கோட்டுக்கு பில் போடாம வெளிய போகப் பாத்தேன், இனிமே இந்தக் கடைக்குள்ள கால் வைக்க மாட்டேன், இவ்வளவுதான்... ஆமா. ஆமாண்ணே, திருடினேன்னுதான் அர்த்தம். நான் இல்லன்னு சொல்லல.

என்ன கேள்வி இது? ... நீ திருடினன்னு நான் நினைப்பேனா? நீ டியூப் லைட்ட நம்பி ஒரு கைக்குட்டைகூட வாங்க மாட்ட. இருபத்தஞ்சு வருஷமா காருக்கு பெயிண்ட் அடிக்கிற ஆளு. என் கல்யாணத்துக்குத் துணி எடுத்தப்பவே கடைக்கு வெளிய தூக்கிட்டுப் போய் வெயில்ல விரிச்ச, கடைக்காரன் பின்னாலயே ஓடி வந்தான். நாம எல்லாரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சோம்... ஆமா, அது நம்ம ஆளு கடை. இது வேற.

வீடியோவ ஆறு தடவ போட்டுப் பாத்துட்டேன். நீ கோட்ட கையில போட்டுக்கிட்டு வாசல் பக்கம் நடக்குற. கண்ணாடிக் கதவுகிட்ட நிக்குற. கைய நீட்டி வெயில்ல வச்சு, கோட்டோட கையை இந்தப் பக்கம் ஒரு தடவ, அந்தப் பக்கம் ஒரு தடவ திருப்பிப் பாக்குற. உன் கால் அரை அடி வெளிய இருக்கு. அவ்வளவுதான். சின்னப் புள்ளையக் கேட்டாலும் கலர் பாக்குறாருன்னு சொல்லும். சூப்பர்வைசரும் பாத்தாரு. வெளிய கூட்டாளி எவனாவது நிக்கிறானான்னு தேடுறான் பாருன்னாரு. ஒரே வீடியோதான்ணே, ரெண்டு பேரும் ஒரே திரையிலதான் பாத்தோம்... நான் என்ன சொன்னேனா? ... ஒண்ணும் சொல்லல.

...

அது இப்ப எதுக்குண்ணே? ... வேணாம்ணே. ... ஆமா. என் குரல்தான். மைக்ல சொன்னது நான்தான்.

ஆமா, பதினேழுன்னா என்னன்னு உனக்குத் தெரியும். நான்தான வீட்டுல சொன்னேன். கடையில மொத்தம் பதினாறு கவுண்டர். பதினேழுன்னு மைக்ல சொன்னா, அந்த வரிசையில ஒரு மாதிரியான ஆளு இருக்கான், போய்ப் பின்னால நில்லுங்கன்னு காவலாளுங்களுக்குச் சேதி. அத வச்சு எவ்வளவு சிரிச்சிருக்கோம். என் வீட்டுக்காரரு பிஸ்கட் டப்பாவத் திறக்க எழுந்தாலே நீ உக்காந்த இடத்துலேருந்து பதினேழு, பதினேழுன்னு குரல் குடுப்ப. புள்ளைங்க ஓடிப்போய் அவரு கையப் பிடிச்சு இழுக்கும்...

நீ காதுல வாங்கினியா? பதினேழு, நாலாவது வரிசைன்னு நான் சொன்னத? ... கேட்டுட்டு ஏண்ணே அங்கேயே நின்ன? கோட்டக் கீழ வச்சிட்டு வந்திருக்கலாமே... என்னது? ... திரும்பிப் பாத்தியா? ... யாரோ மாட்டிக்கிட்டான் பாவம்னு பாத்தியா? நாலாவது வரிசையில நீ மட்டும்தான் இருந்த. அப்பவும் உனக்குன்னு தோணலயா? ... ஐயோ அண்ணே.

இல்ல, அழல. சளி.

அந்தத் திரை ரொம்பப் பழசு. புள்ளி புள்ளியாத்தான் தெரியும். நீ வேற முதுகக் காட்டிக்கிட்டு நின்ன, அதுவும் வொர்க்ஷாப் உடுப்புல... இல்ல. உன்கிட்ட என்னத்துக்குப் பொய். திரை போன வருஷம்தான் மாத்தினாங்க, சட்டை பட்டனக்கூட எண்ணலாம். நான் மூஞ்சியவே பாக்கலண்ணே. பெயிண்ட் படிஞ்ச முதுகப் பாத்தேன், காலருக்கு மேல கழுத்தோட நிறத்தப் பாத்தேன். அதோட கை மைக்குக்குப் போயிடுச்சு. மூஞ்சி வரைக்கும் போகவே இல்ல. பதினோரு வருஷமா இப்படித்தான் பண்ணிட்டு இருந்திருக்கேன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

அதுக்காகத்தான் என்ன இந்த நாற்காலியில உக்கார வச்சாங்க. துணி மடிக்கிற இடத்துல நின்னு நின்னு கால் வீங்கிக் கிடந்தப்ப, சூப்பர்வைசர் கூப்பிட்டு, உங்க ஆளுங்கள உனக்குத்தான் நல்லாத் தெரியும், மேல போய் கேமராவப் பாத்துக்கோன்னாரு. நான் அத வீட்டுல வந்து பெருமையாச் சொன்னேன். நீகூட, எங்க வீட்டுலயும் ஒரு ஆபீசர் வந்தாச்சுன்னு சொன்னியே... ஆமா, சொன்ன. ஞாபகம் இருக்கு எனக்கு.

போன மாசம் ஒரு அம்மா, இந்த ஊர்க்காரங்க நிறந்தான், நல்ல உடுப்பு, முத்து பட்டன் வச்ச கோட்டு. கழுத்துல நம்ம கடை ஸ்கார்ஃப் ரெண்டு, விலைச்சீட்டு தொங்குது. அப்படியே நடந்து வெளிய போறாங்க. நான் பதறிப்போய் சூப்பர்வைசரக் கூப்பிட்டேன். அவரு, பாவம் மறதியா போயிட்டாங்கன்னு சொல்லி, ஒரு பையக் குடுத்து காவலாளி நெட்டையன ஓட விட்டாரு, மேடம் இதுல வச்சுக்கோங்கன்னு. உன்கிட்ட சொல்லியிருக்கேனே... ஆமா, அதுக்கும் சிரிச்சோம். எல்லாத்துக்கும் சிரிச்சோம் போ.

நீ சாயங்காலம் வரேன்னுதானண்ணே சொன்ன? குளிச்சு, உடுப்பு மாத்திட்டு வருவன்னு நினைச்சேன்... ஆமா, தள்ளுபடி இன்னியோட முடியுதுன்னு நான்தான் சொன்னேன். நாலாவது வரிசையில இருக்கும்னும் நான்தான் சொன்னேன். வியாழக்கிழமை விசா ஆபீஸ்ல அந்த அதிகாரி முன்னாடி போய் நிக்கிறப்ப முதல்ல உடுப்பத்தான் பாப்பாரு, நல்ல கோட்டு ஒண்ணு வாங்கிக்கோன்னு நச்சரிச்சதும் நான்தான். எல்லாம் நான்தான்... திட்டேன். ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயேன்...

வியாழக்கிழமைய நினைச்சுப் பாருண்ணே. அஞ்சு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்க. அண்ணி, புள்ளைங்க, எல்லாரும் இந்த நாட்டுல தங்குறதுக்கான அனுமதி அந்த ஒரு கையெழுத்துல இருக்கு. போலீஸ்ல உங்க மேல புகார் உண்டான்னு முதல் பக்கத்துலயே கேக்குறான். அட்டை இல்லாம வாசலத் தாண்டவே விட மாட்டான். இங்க கையெழுத்து போட்டா இந்தக் கடையோட போச்சு. உன் போட்டோவப் பின்னால ரூம்ல சுவத்துல ஒட்டுவாங்க, மத்த கிளைக்கும் அனுப்புவாங்க, அவ்வளவு...

ஆமாங்க டீச்சர், சொல்லுங்க. ... மாத்திரை குடுத்தாங்களா? ... ஸ்கூல்லேருந்து சார். சின்னவனுக்குக் காய்ச்சலாம்... இல்ல சார், அவங்க அப்பா போய் கூட்டிட்டு வந்துடுவாரு... ஆமா சார், பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பெஞ்சுலயேதான் இருக்கான்... இல்ல சார், எங்கயும் போகல. யார்கிட்டயோ போன்ல பேசிட்டு இருக்கான்... தெரியல சார், அவன் ஆளுங்களாத்தான் இருக்கும்... சரி சார். வந்தா சொல்றேன் சார்... ஆமாங்க டீச்சர், நெத்தியில ஈரத்துணி போடுங்க... சரிங்க...

சூப்பர்வைசர் போயிட்டாரு.

அண்ணே? ... கேட்டியா? ... இருக்கான், பேசுறான்னு சொன்னேன். அவரு முன்னாடி எப்படிண்ணே இருக்காருன்னு சொல்லுவேன்? நாக்கு தானா அப்படிப் போகுது... ம். ... ம்.

ரூம்ல நடந்தது வேற, இது வேற... இல்ல, ஒண்ணுதான். ரெண்டும் ஒண்ணுதான்.

நீ என்ன நினைச்சுக்கிட்டு இருந்தியோ எனக்குத் தெரியாது. இந்த ஆளுதானான்னு சொல்ல வான்னு என்னக் கீழ கூப்பிட்டாரு. கதவத் திறந்தா நீ உக்காந்திருக்க. கை ரெண்டையும் மேசை மேல வைக்கச் சொல்லியிருக்காங்க. நகத்துக்குள்ள நீலப் பெயிண்ட். அப்பத்தான் எனக்கு நீன்னே தெரியும். சத்தியமா அப்பத்தான். அவரு இவன்தானான்னு கேட்டாரு. நான் ஆமா சார்னு சொன்னேன். உண்மதானே, அந்தத் திரையில நான் பாத்தது உன்னத்தான்... ஆமா, அதுக்கு மேல இன்னொரு வார்த்தையும் உண்மைதான். அதச் சொல்லல.

நீ ஏண்ணே சொல்லல? இங்க உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டாரே. நீ என்னப் பாத்துட்டு, யாரும் இல்லன்னுட்ட. இவ என் தங்கச்சின்னு சொல்லியிருந்தா நான் என்ன மறுக்கவா போறேன்? ... எனக்காகன்னு தெரியும். தெரியும்ணே. சொந்தக்காரங்க மாட்டினா வேலை செய்யிறவங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு நான்தான உன்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். அந்த நேரத்துலயும் உனக்கு அது ஞாபகம் வந்திருக்கு பாரு. எனக்கு உன் மூஞ்சியே ஞாபகம் வரல.

...

இப்பவா? ... இப்ப எப்படிண்ணே கீழ வர? ... கேளு. நான் வந்து உன் கையப் பிடிச்சுக்கிட்டு, இவரு என் அண்ணன், பெயிண்டர், கலர் பாக்கத்தான் வெளிச்சத்துக்குப் போனாருன்னு சொல்றேன்னே வையி. நம்புவாங்கன்னு நினைக்கிறியா? உள்ள ஒருத்திய வச்சிக்கிட்டுத்தான் பண்றாங்கன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரும் சேந்து மாட்டுவோம்... இல்லண்ணே, சாக்கு சொல்லல. என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போனதுலேருந்து என் சம்பளம்தான வீட்டுல. உனக்குத் தெரியாததா?

ஒரே ஒரு வார்த்தையா? ... தெரியும்ணே, நீ காசு கேக்கல, பணம் கேக்கல. ஒரு வார்த்தைதான் கேக்குற. அந்த வார்த்தை என்கிட்ட இல்லயே. ரெண்டு தடவ படியில பாதி வரைக்கும் இறங்கினேன். நெட்டையன் என்னம்மான்னு கேட்டான். தண்ணி குடிக்கன்னுட்டு திரும்ப ஏறி வந்துட்டேன். நான் பயந்தவ. நீயே என்ன அப்படித்தான வளத்த, வந்த இடத்துல யார்கிட்டயும் வாய் குடுக்காதன்னு... உன்னக் குத்தம் சொல்லல. சொல்லலண்ணே.

யாரு? ... எந்த அம்மா? ... ஓ, மீன் விக்கிறவங்க. ஆமா, போன வருஷம் அவங்களும் இதே பேப்பர்லதான் கையெழுத்து போட்டாங்க... அப்புறம் என்ன, அட்டையக் குடுத்துட்டாங்க... இல்ல, அவங்க புருஷன ஊருக்கே திருப்பி அனுப்பி வச்சது... அது... அது வேற எதுக்காகவோ இருக்கும். எனக்குச் சரியாத் தெரியல... ஆமா, பேப்பரும் போலீஸ்கிட்டப் போச்சுன்னுதான் பேசிக்கிட்டாங்க. நான் கண்ணால பாக்கல... உன்னோடது போகாதுன்னு எப்படிண்ணே நான் அடிச்சுச் சொல்றது? போகாதுன்னு நினைக்கிறேன். போகக் கூடாதுன்னு நினைக்கிறேன்... ஆமா. தெரியாமத்தான் உன்ன வரச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கையெழுத்து போட்டா நாள் ரெண்டு கிடைக்கும், போடலன்னா இன்னிக்கே. அது ஒண்ணுதான் வித்தியாசம். வேற வழி இருந்தா நான் சொல்ல மாட்டேனா?

அண்ணிகிட்ட என்ன சொல்லுவ? ... சொல்ல மாட்டியா? ... சரி. நானும் சொல்லல. கோட்டு அளவு சரியா இல்லன்னு சொல்லிடு.

எழுந்திரிச்சிட்டியே... வரியா? ... ம். நல்லது. நல்லதுண்ணே. சிக்னல் பாத்துத் தாண்டு. உள்ள வந்ததும் தொப்பியக் கையில வச்சிக்கோ, பாக்கெட்ல கைய விடாத. மெதுவா நட. நேரா அந்த ரூமுக்கு. அவரு ஏதாவது சொல்லுவாரு, நீ பதில் பேசாத. பேப்பர்ல மூணு இடத்துல புள்ளி வச்சிருப்பாங்க, ரெண்டு உனக்கு... மூணாவதா? ... மூணாவது சாட்சிக்கு. கடை ஆளு ஒருத்தர் போடுவாங்க. அது வெறும் சடங்கு, அதப்பத்தி நீ... யாரு போட்டா என்னண்ணே. யாராவது போடுவாங்க... நெட்டையன் இல்ல. அவன் போட முடியாது. திரையில யாரு பாத்தாங்களோ அவங்கதான் போடணும், அதான் விதி...

...

ஆமா.

ஆமாண்ணே, நான்தான். இவரு திருடினத என் கண்ணால பாத்தேன்னு. கீழ என் பேரு, என் கையெழுத்து... மத்தியானமே சொல்லிட்டாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்... அண்ணே, ரோட்டு நடுவுல நிக்காத. வண்டி வருது. அண்ணே. இந்தப் பக்கம் இல்லன்னா அந்தப் பக்கம், எங்கயாவது ஒரு பக்கம் போயிடு...

வராத. நான் சொன்னது எல்லாம் தப்பு, நீ வராத. பஸ் ஏறிப் போயிடு, அட்டைய நான் எப்படியாவது... என்னால அதுல கையெழுத்து போட முடியாதுண்ணே, நீ வந்துட்டா நான் போட்டுடுவேன். கேக்குதா? நீ வந்து நின்னா நான் போட்டுடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியும். வராத... அண்ணே? ... ஹலோ? ...

கட் பண்ணிட்டான்...

இல்ல சார், ஸ்கூல்தான். வச்சுட்டாங்க... ஆமா சார், பாத்தேன். கதவுகிட்ட வந்துட்டான்... இதோ இறங்குறேன்... பேனா இருக்கு சார். என்கிட்டயே இருக்கு.